பி.எட். மாணவர்கள்: உள்ளடங்கிய கல்விக்கு ஆதரவு உண்டு, வகுப்பில் இறங்கத் தயக்கம். என்ன செய்யலாம்?

கேள்வி: பயிற்சிப்பள்ளி (சென்னை)

வணக்கம். சென்னையில் ஒரு கல்வியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்களுக்கு உள்ளடங்கிய கல்வித் தாள் எடுக்கிறேன். இரண்டு யூனிட், நூறு பேர். அடுத்து 16 வார இன்டர்ன்ஷிப். பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகள், சில அரசு உதவி பெறும் பள்ளிகள்.

போவதற்கு முன் ஒரு வினாப்படிவம் கொடுத்துப் பார்த்தோம். மாற்றுத்திறன் உள்ள குழந்தை எல்லாரோடும் சேர்ந்து படிக்க வேண்டுமா என்றால் எல்லாரும் ஆம் என்கிறார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பாடத்தை மாற்றித் தர முடியுமா, திடீரென்று எழுந்து வெளியே ஓடினால் சமாளிக்க முடியுமா என்று கேட்டவுடன் பேனா நின்றுவிடுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளையும் வரிசை மாறாமல் எழுதுகிற அதே மாணவர்கள்தான் இவர்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: (1) பள்ளிக்குப் போகுமுன் கல்லூரியிலேயே எதைச் செய்தால் இந்தத் தயக்கம் உண்மையாகக் குறையும்? (2) வழக்கமாக நடத்தும் கண்ணைக் கட்டி நடக்கவிடும் நிகழ்ச்சி, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒருநாள் பயணம், இவற்றால் பயன் உண்டா? (3) 16 வாரத்தில் அவர்கள் கையில் என்ன வேலையைக் கொடுப்பது? (4) மாற்றத்தை எப்படி அளப்பது? பொதுவான அறிவுரை வேண்டாம், நாளைக்கே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

பதில் 1: கல்வி உளவியல்

மனப்பான்மையும் தன்னம்பிக்கையும் வேறு வேறு. மனப்பான்மை கொள்கை சார்ந்தது, அதற்கு ஆம் போட யாருக்கும் செலவு இல்லை. தன்னம்பிக்கை ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றியது. எந்தக் குழந்தை, எந்தப் பாடம், வகுப்பில் எத்தனை பேர் என்று சொல்லாமல் "உங்களால் முடியுமா" என்று கேட்டால் நேர்மையான மாணவர் முடியாது என்றுதான் எழுதுவார். அது எதிர்ப்பு இல்லை. இதை ஆசிரியப் பயிற்றுநர்கள் முதலில் உணர வேண்டும். மனப்பான்மை சரியில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு விழிப்புணர்வுச் சொற்பொழிவு வைத்தால் ஒன்றும் நகராது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் பந்தூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், நம்பத்தக்க ஒருவரின் ஊக்கச் சொல், அந்த நேரத்து உடல்-மனப் பதற்றம். முதலாவதுதான் மிக வலியது. நம் தாளில் அதற்கு இடமே இல்லை. 21 வகைகளின் இலக்கணம், காரணம், அறிகுறி என்று ஒரு பருவம் முழுவதும் போகிறது. பட்டியல் நீள நீள "இத்தனையையும் நான் எப்படி" என்ற பயம்தான் வளரும்.

கண்கட்டு நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவர் உணர்வது, பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் திகைப்பை மட்டுமே. பிறவியிலிருந்தோ பல ஆண்டுகளாகவோ பார்வை இல்லாதவர் கற்றுக்கொண்ட திறன்கள் எதுவும் அதில் தெரியாது. இரக்கமும் அச்சமும் கூடும், "பாவம், இவர்களால் என்ன முடியும்" என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துவிடும். அதற்குப் பதிலாக, பார்வையற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவரை அழைத்து உங்கள் மாணவர்களுக்கு ஒரு முழுப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அப்படிப் பணியாற்றுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்காதீர்கள், பாடத்தை நடத்தச் சொல்லுங்கள். கரும்பலகைக்கு என்ன செய்கிறார், விடைத்தாளை எப்படித் திருத்துகிறார் என்பதைக் கேள்வி நேரத்தில் கேளுங்கள்.

முட்டுக்காடு பயணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது என்பது முக்கியம். பள்ளிக்கே போகாதவர் அங்கே போனால் பார்ப்பது: சில குழந்தைகளுக்கு ஒரு நிபுணர், தனி அறை, கருவிகள். "இது சிறப்பாசிரியர் வேலை, என் வேலை இல்லை" என்ற முடிவோடு பஸ் ஏறுவார். இன்டர்ன்ஷிப்பில் நான்கைந்து வாரம் கழிந்த பிறகு கூட்டிப் போங்கள். ஒவ்வொருவரும் தன் வகுப்புப் பிள்ளை ஒருவரை மனத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்து வரட்டும். அங்கே பார்க்கும் உத்திகளில் நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் செல்லுபடியாகும் ஒன்றைக் குறித்துக்கொண்டு திரும்பட்டும்.

கல்லூரிக்குள் செய்ய உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது: மைக்ரோ டீச்சிங், அதாவது ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சில நிமிடம் சக மாணவர்கள் முன் செய்து பழகுவது. கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6, ஆக 36 நிமிடச் சுழற்சி. அதில் விளக்குதல், வினா கேட்டல் போன்ற திறன்களோடு மூன்றைச் சேருங்கள்:

- ஒரே கட்டளையைச் சொல்லி, செய்து காட்டி, பலகையில் படமாகப் போட்டு, மூன்று வழியில் தருதல்.
- ஒரு வேலையை ஐந்து சிறு படிகளாக உடைத்து, எந்தப் படியில் தடங்கல் என்று கண்டுபிடித்தல்.
- "புரிந்ததா" என்று கேட்காமல் புரிதலைச் சோதித்தல்.

மறுகற்பித்தலை நேரம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். முதல் முறை தடுமாறி, அரை மணி நேரத்திலேயே அதைச் சரியாகச் செய்து முடிக்கும் அந்த இரண்டாவது ஆறு நிமிடத்தில்தான் தன்னம்பிக்கை பிறக்கிறது.

---

பதில் 2: வளமையம் (சிறப்புப் பயிற்றுநர்)

மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். பள்ளிப் பக்கத்திலிருந்து பார்த்தால் பி.எட். மாணவர்கள் வந்ததும் செய்கிற முதல் தவறு, வகுப்பில் நின்று "இங்க சி.டபிள்யூ.எஸ்.என். (சிறப்புத் தேவையுள்ள) பசங்க யாரு?" என்று கேட்பது. தயவுசெய்து வேண்டாம். எமிஸ் (பள்ளி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையத் தொகுப்பு) பதிவில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைத் தலைமை ஆசிரியரிடமோ வகுப்பாசிரியரிடமோ தனியாகக் கேட்க வேண்டும். அதே நேரம் அந்தப் பட்டியலோடு நின்றுவிடவும் கூடாது. பதிவில் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், குறிப்பாகக் கற்றல் குறைபாடு, லேசான காது கேளாமை, பார்வைக் குறைவு. முதல் வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும்போது பார்க்க வேண்டியவை: பலகையைப் பார்க்கத் தலையைச் சாய்ப்பது, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதுவது, ஆசிரியர் திரும்பி நின்று பேசும்போது மட்டும் தொலைந்து போவது, வாயால் நன்றாகச் சொல்லிவிட்டு எழுத மறுப்பது. பார்த்ததை எழுதுங்கள். "இவனுக்கு இன்ன குறைபாடு" என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் எந்த நாட்களில் அந்தப் பள்ளிக்கு வருகிறார் என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள் இருக்கும், தினமும் வர முடியாது. அவர் வரும் நாளில் ஒரு பீரியட் கூடவே உட்காருங்கள். பேப்பரில் படித்ததைவிட அதில் கற்பது அதிகம்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு பிள்ளை, ஒரு திறன். வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம். "தமிழ் வாசிப்பை மேம்படுத்துதல்" என்பது திறன் இல்லை, அது ஆசை. "கெ, கே வரிசையில் பத்துச் சொற்களை உதவியில்லாமல் வாசித்தல்" என்பது திறன். வேலை சிறியதாக இருந்தால்தான் 16 வாரத்துக்குள் முடிந்து கண்ணுக்குத் தெரியும்.

காதுக்கருவி போட்ட பிள்ளை இருந்தால் பயிற்சி ஆசிரியரே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. லிங் ஆறு ஒலிச் சோதனை, அதாவது ஆறு பேச்சொலிகளைச் சொல்லி, கருவியோடு பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது. தினமும் காலையில் இரண்டு நிமிடம்:

1. பிள்ளைக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நில்லுங்கள். வாயை ஒரு அட்டையால் மறையுங்கள். கையால் மறைத்தால் ஒலி மங்கும், உதடு தெரிந்தால் பிள்ளை உதட்டைப் படித்துவிடும்.
2. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறையும் வரிசை மாற்றி மாற்றி, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சீராகச் சொன்னால் தாளத்துக்குத் தலையாட்டும்.
3. கேட்டதும் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், அல்லது கை தட்டட்டும்.
4. பிறகு மூன்று மீட்டரில் மறுபடி.

நேற்று வரை ஸ், ஷ் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். காதில் பொருந்தும் அச்சின் துளையில் குறும்பி அடைத்திருக்கலாம், குழாயில் வியர்வை நீர் கோத்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். சென்னை வெக்கையில் குழாயில் நீர் கோப்பது சாதாரணம். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லி வீட்டில் சொல்லுங்கள். இந்தப் பேட்டரி ஸ்டிக்கரை உரித்தவுடன் காற்றுப்பட்டு வேலை செய்யத் தொடங்குகிற வகை. உரித்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் போட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் சக்தி சேமிப்பாகாது. ஆறு ஒலியும் கேட்கவில்லை, பேட்டரியும் புதிது என்றால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) அனுப்ப வேண்டிய விஷயம்.

கருவி வேலை செய்தாலும் வகுப்பறை ஒத்துழைக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். மின்விசிறி கடகடவென்று ஓடும் இடத்துக்குக் கீழே அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். இரண்டாம் வரிசை, நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம். முதல் வரிசையைவிட இது மேல், ஏனென்றால் மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பின்பற்ற முன்னால் சிலர் வேண்டும். வகுப்பில் இன்னொரு மாணவர் சொன்ன பதிலை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக் குரல் அந்தப் பிள்ளைக்கு எட்டாது.

இன்னொன்று, வலிப்பு. பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கை காலைப் பிடித்து அழுத்த வேண்டாம். சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துப்பட்டாவோ பையோ வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அதுதான் முதல் முறை என்றாலோ 108. முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். இதைக் கல்லூரியிலேயே தரையில் ஒருவரைப் படுக்க வைத்து எல்லாரும் ஒருமுறை செய்துவிட வேண்டும். ஒருமுறை செய்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

---

பதில் 3: தமிழ்ப்பாடம்_6

பாடத்திட்டப் படிவத்தைப் பற்றி. பி.எட். லெசன் பிளான்களில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், அதில் "மெல்லக் கற்போருக்கு: குறைதீர் கற்பித்தல் அளிக்கப்படும்" என்று எழுதியிருப்பார்கள். எல்லாப் பாடத்துக்கும் அதே வரி. வழிகாட்டி ஆசிரியரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இன்றைய பாடத்தில் யாருக்கு எந்த இடத்தில் அடைபடும்? அந்த இடத்தில் என்ன மாற்றுவேன்? மாற்றியது வேலை செய்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்?

ஆறாம் வகுப்புத் தமிழ் உரைநடை என்று வையுங்கள். அடைபடும் இடம் பெரும்பாலும் கருத்து இல்லை, வாசிப்பு. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பற்றிய பாடங்கள் b, d என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பி எழுதுவதையே உதாரணமாகச் சொல்கின்றன. தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "கொ" என்பதைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். காதுக்கு முதலில் க், பிறகு ஒ. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் ஒன்றாக இல்லை. தடுமாறும் பிள்ளை கொம்பை விட்டுவிட்டு "கா" என்று வாசிக்கும், அல்லது காலை விட்டு "கெ" என்று வாசிக்கும். கெ/கே, கொ/கோ வேறுபாடு கொம்பின் ஒரு சுழியில் இருக்கிறது. ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகியவற்றில் எழுத்துப்பிழை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, கொம்பும் காலும் அடிக்கடி விடுபடுவது, வாய்மொழியில் சரியாகச் சொன்ன விடையை எழுத்தில் கொண்டுவர முடியாமல் போவது, இவை சேர்ந்து வந்தால் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியவை எளியவை. கொம்பு, கால், மெய் மூன்றையும் மூன்று நிற அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, முதலில் ஒலியைச் சொல்லி, பிறகு அட்டையை நகர்த்தி எழுத்தைக் கட்ட வேண்டும். ஒரு அமர்வுக்கு ஐந்து சொல், அதிகம் வேண்டாம். அந்தப் பிள்ளையைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளை வாசிக்கப் போகும் நான்கு வரியை இன்றே காட்டி, வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பலகையிலிருந்து பத்து வரி பார்த்தெழுதுவது அந்தப் பிள்ளைக்குப் பாடம் அல்ல, கண்ணால் ஒரு எழுத்தைப் பிடித்து நோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் இடம் தவறிப்போகிற வேலை. ஏழு வரியை அச்சிட்டுக் கொடுத்து மூன்றை எழுத வையுங்கள். கருத்தை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடுங்கள். இது சலுகை காட்டுவது அல்ல. அன்றைக்குச் சோதிக்க வந்தது கருத்தை, எழுத்து வேகத்தை அல்ல.

பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்குப் பயிற்சித்தாளை ஏ3 அளவுக்கு ஜெராக்ஸ் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். பெஞ்சில் அடங்காது, எழுத்தும் மங்கலாக விழும். தாள் அதே அளவில் இருக்கட்டும், 18 முதல் 24 பாயின்ட் எழுத்தில் புதிதாகத் தட்டச்சு செய்து, வரிகளுக்கு இடையே இடம் விட்டு, கூடுதல் பக்கங்களாகக் கொடுங்கள். எந்த அளவு வசதி என்று பிள்ளையிடமே காட்டிக் கேளுங்கள். பலகையில் எழுதுவதை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். (வளமையம் மேடம் சொன்னதற்கு இது முரண் போலத் தோன்றும். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தால் எழுதும்போது ஒருமுறை, திரும்பி நின்று ஒருமுறை என்று இரண்டு தடவை சொல்லுங்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் அது நல்லதுதான்.)

தேர்வு பற்றியும் உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016 சட்டம் 17ஆம் பிரிவிலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. பொதுத்தேர்வுக்கு மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஓடினால் பல நேரம் காலம் கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் பேச்சைத் தொடங்க வேண்டும்.

---

பயிற்சிப்பள்ளி (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. இரண்டு இடம் இன்னும் இடிக்கிறது. ஒன்று, வகுப்பைவிட்டு ஓடும் பிள்ளை. எங்கள் மாணவர்களுக்கு மதிப்பெண் மிகக் குறைவாக விழுந்தது நடத்தை சார்ந்த கேள்விகளில்தான். இன்னொன்று, பள்ளியில் வழிகாட்டி ஆசிரியரே "அவன விட்டுடும்மா, அவன் அப்படித்தான்" என்று சொன்னால் பயிற்சி ஆசிரியர் என்ன செய்வது? எதிர்த்துப் பேசினால் இன்டர்ன்ஷிப் மதிப்பெண் அவர்கள் கையில்.

---

பதில் 4: நடத்தைப்_பதிவேடு

ஓடும் பிள்ளைக்குத் தீர்வு தேடும் முன் ஐந்து பள்ளி நாள் பதிவு செய்யுங்கள். நோட்டில் நான்கு பத்தி: நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன கிடைத்தது. "அடம் பிடித்தான்", "வேண்டுமென்றே செய்தான்" என்ற சொற்கள் அதில் வரக்கூடாது. பார்த்தது மட்டும்.

ஐந்து நாளில் ஒரு கோலம் தெரியும். உதாரணத்துக்கு: பலகை நிரம்பி "எல்லாரும் எழுதுங்க" என்றவுடன் எழுந்து போகிறான், மணி அடிக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை. அதாவது ஓடினால் எழுதுவதிலிருந்து விடுதலை கிடைக்கிறது. இங்கே வகுப்பைவிட்டு வெளியே நிற்க வைப்பது தண்டனை ஆகாது, அவன் கேட்டதைக் கொடுப்பதாகும். இதே ஓட்டம் பக்கத்து அறையில் சத்தம் எழும்போது மட்டும் வந்தால் காரணம் வேறு, தீர்வும் வேறு: இடத்தை மாற்றுவது, சத்தம் வரப்போகிறது என்று முன்பே சொல்வது.

எழுத்து வேலையிலிருந்து தப்பிக்கும் பிள்ளைக்கு:

முதலில் வேலையைக் குறையுங்கள், பத்து வரிக்கு மூன்று. அடுத்து ஒரு "இடைவேளை" அட்டை கொடுங்கள். அட்டையைக் காட்டினால் இரண்டு நிமிடம் தண்ணீர்ப் பானை வரை போய்வரலாம். முதல் வாரத்தில் அட்டையை அவன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எத்தனை நிமிடத்தில் எழுந்திருக்கிறான் என்று பதிவில் தெரியும், பத்து நிமிடம் என்றால் எட்டாவது நிமிடமே நீங்களே கொடுத்து அனுப்புங்கள். ஓடித்தான் வெளியே போக முடியும் என்ற கணக்கை உடைப்பதே நோக்கம். திரும்பி வந்ததும் மிச்ச வேலை அதே இடத்தில் காத்திருக்க வேண்டும், அளவு குறைந்திருக்கலாம், மறைந்திருக்கக் கூடாது. பிறகு இடைவெளியை இரண்டிரண்டு நிமிடமாக நீட்டுங்கள்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் மூன்றாம் நாள். பழைய வழி பலிக்கவில்லை என்றதும் பிள்ளை முன்பைவிட அதிகமாகக் கத்தும், ஓடும். பயிற்சி ஆசிரியர் "இது வேலைக்கு ஆகாது" என்று கைவிட்டுவிடுவார். இந்த ஏற்றம் எதிர்பார்க்க வேண்டியது என்று முன்பே சொல்லிவைத்தால் தாக்குப் பிடிப்பார். கல்லூரி மேற்பார்வையாளர் எப்போது வர வேண்டும் என்றால், அந்த வாரம்தான்.

கதவை உடம்பால் மறிக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இரண்டு பையன்களைத் துரத்த அனுப்பாதீர்கள். பள்ளி வாசல் பிரதான சாலையில் திறக்கிறது என்றால் வாசல் மூடியிருக்கிறதா, ஓடினால் பின்னால் போகப்போவது யார் என்பதைத் தலைமை ஆசிரியரோடு முதல் நாளே பேசி வைக்க வேண்டும். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. இதைப் பயிற்சி ஆசிரியர் தனக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

வழிகாட்டி ஆசிரியர் விஷயத்தில் சட்டப்பிரிவை எடுத்து வீச வேண்டாம். "விட்டுடும்மா" என்று சொல்பவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. நாற்பது பேரையும் பாடத்திட்டத்தையும் தனியாளாகச் சுமந்து, உதவி கேட்டுக் கிடைக்காமல், கேட்பதை விட்டவர். பயிற்சி ஆசிரியர் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியது சிறியதாக இருக்கட்டும்: "மேடம், மூணாவது பீரியட்ல அந்தப் பையன் எப்ப எழுந்திருக்கான்னு ஒரு வாரம் குறிச்சுப் பாக்கட்டுமா?" இதற்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஐந்து நாள் பதிவைக் காட்டும்போது அவரே "ஆமா, எழுதச் சொன்னாத்தான் போறான்" என்பார். அங்கிருந்து பேச்சு மாறும். மதிப்பெண் பயம் நியாயமானது. அதனால் ஒரு பிள்ளை, ஒரு திறன் என்ற வேலையை இன்டர்ன்ஷிப் ரெக்கார்டின் கட்டாயப் பகுதியாகக் கல்லூரியே எழுத்தில் பள்ளிக்குத் தெரிவித்துவிடுங்கள். அப்போது அது மாணவரின் அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, கல்லூரி கொடுத்த வேலை.

---

பதில் 5: கல்வி உளவியல்

அளவீடு பற்றி விட்டுப்போனது.

உள்ளடங்கிய வகுப்பில் ஆசிரியரின் தன்னம்பிக்கையை அளக்கும் டி.இ.ஐ.பி. (TEIP) என்ற அளவுகோலில் 18 கூற்றுகள், ஆறு படி விடை, மூன்று பகுதி: கற்பித்தல், பிறரோடு சேர்ந்து இயங்குதல், நடத்தை மேலாண்மை. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், பகுதிவாரியாகப் பாருங்கள். சேர்ந்து இயங்குதலில் குறைவு என்றால் சிறப்புப் பயிற்றுநரோடும் பெற்றோரோடும் பேசும் பயிற்சி வேண்டும், இன்னொரு விரிவுரை வேண்டாம். மனப்பான்மைக்கு எஸ்.ஏ.சி.ஐ.இ.-ஆர். (SACIE-R) என்ற அளவுகோல் போதும், 15 கூற்றுகள், நான்கு படி. அதில் உணர்வு, கவலை பகுதிகளின் கூற்றுகள் எதிர்மறையாக எழுதப்பட்டவை. மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் முடிவே தலைகீழாகும். எம்.எட். ஆய்வேடுகளில் அடிக்கடி நேரும் பிழை இது.

உங்கள் தாளுக்கு அகமதிப்பெண் போடும் நீங்களே படிவத்தை வாங்காதீர்கள். பெயரும் வேண்டாம். ஆனால் முன்னும் பின்னும் ஒரே ஆளைப் பொருத்த வேண்டும், அதற்கு ஒரு குறியீடு: அம்மா பெயரின் முதல் எழுத்து, தன் பிறந்த தேதி, கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்.

முக்கியமான எச்சரிக்கை. பயிற்சி நன்றாக நடந்தாலும் நடுவில் தன்னம்பிக்கை மதிப்பெண் குறையலாம். போகுமுன் "முடியும்" என்று போட்டவருக்கு வேலை என்னவென்று தெரியாது, ஐந்தாம் வாரத்தில் தெரிந்துவிடும், தன்னையே கடுமையாக மதிப்பிடுவார். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 16ஆம் வார முடிவில் அதே படிவத்தை இரண்டு பத்தியாகக் கொடுங்கள்: "இப்போது" ஒன்று, "பயிற்சிக்கு முன் உண்மையில் எந்த அளவில் இருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்" இன்னொன்று. முதலில் வாங்கியதையும் சேர்த்து மூன்றையும் ஒப்பிடுங்கள்.

படிவம் மட்டும் போதாது. முன்னும் பின்னும் ஒரே சூழலைக் கொடுத்து அரைப் பக்கம் எழுத வையுங்கள்: "ஏழாம் வகுப்பு, 42 பேர், காதுக்கருவி போட்ட ஒரு மாணவி, பின்னம் அறிமுகம். முதல் 15 நிமிடம் என்ன செய்வீர்கள்?" முன்பு "அன்போடும் பொறுமையோடும் கற்பிப்பேன்" என்று எழுதியவர், பின்பு எங்கே நிற்பேன், எப்படிச் சோதிப்பேன் என்று எழுதினால் அதுதான் சான்று.

---

பயிற்சிப்பள்ளி (கேட்டவர்)

படிவத்தை வேறு துறை ஆசிரியர் மூலம் வாங்க ஏற்பாடு செய்கிறேன். பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு பிள்ளை-ஒரு திறன் பகுதியையும் சேர்த்துவிடலாம். ஒரு கடைசிச் சந்தேகம்: 16 வாரம் முடிந்து எங்கள் மாணவர் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

---

பதில் 6: வளமையம்

இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதில்லை. நன்றாகப் பழகிய ஒருவர் சொல்லாமல் காணாமல் போவது அந்தப் பிள்ளைக்குப் பெரிய அடி, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு. இரண்டு வாரம் முன்பே நாட்காட்டியில் கடைசி நாளைக் காட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடிக்க வையுங்கள். 14ஆம் வாரத்திலிருந்து அந்த 20 நிமிடத்தில் வகுப்பாசிரியரோ பக்கத்து மாணவரோ உடன் உட்காரட்டும். கடைசி வாரம் பயிற்சி ஆசிரியர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

கையளிக்க ஒரு பக்கத் தாள் போதும்: எந்தத் திறன், எங்கே தொடங்கினோம், இப்போது எங்கே, எது பலித்தது, எது பலிக்கவில்லை, அடுத்த படி என்ன. அட்டை, பயிற்சித்தாள் எல்லாம் ஒரு உறையில் போட்டுப் பள்ளியிலேயே விட்டுவிட வேண்டும், ரெக்கார்டு அலங்காரத்துக்காகக் கல்லூரிக்கு எடுத்துப் போகக் கூடாது. தாள் இரண்டு பிரதி, ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று சிறப்புப் பயிற்றுநரிடம். அதில் இருப்பதைப் பெற்றோரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக்குப் போகும் ரெக்கார்டில் பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம், ஓர் எழுத்துக் குறியீடு போதும்.